சம்பளக் கப்பல்

என் கணவரின் முகத்தைவிட அவர் ஓட்டிய விமானத்தின் வயிற்றைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மலாயாவின் அவசரகாலத்தில் கல்யாணம் செய்துகொண்ட எனக்கு, குடும்ப வாழ்க்கை என்பது மலை இடுக்கு வழியாக வந்து, பள்ளி மைதானத்துக்கு மேலே தாழ்ந்து, ஒரு பையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போகும் ஒரு சின்ன விமானத்தை அண்ணாந்து பார்ப்பதாகத்தான் இருந்தது. வெயில் அடித்தால் கண் கூசும். மூடுபனி இறங்கிவிட்டால் விமானமே வராது.

நான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. ரிங்லெட் என்ற சின்ன ஊரைத் தாண்டி மேலே ஏறி, பெரிய சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போக வேண்டும். அப்பா அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர். காய்ச்சலுக்கு மருந்து கலக்குவதிலிருந்து பிரசவத்துக்கு ஓடுவது வரை எல்லாம் அவர்தான். அம்மா நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே தவறிவிட்டார். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய், அரசாங்கம் அவசரகாலம் என்று அறிவித்த பிறகு, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. வாசலில் காவல் வந்தது. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் கூடையைக் கிளறி, சோறு கொண்டுபோகிறார்களா என்று பார்ப்பார்கள். கடையில் மீன் டின் வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார்கள், காட்டுக்குப் போகக் கூடாது என்று. ஓட்டை போட்ட டின்னைப் பாவாடையில் சிந்தாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பது ஒரு தனி வித்தை.

அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலையில் வளைவுக்கு வளைவு பயம் இருந்தது. முன்னும் பின்னும் ராணுவ வண்டி வைத்து, நடுவில் லோரிகளும் பஸ்ஸும் கூட்டமாக, கான்வாயாகத்தான் வரும். முன்பெல்லாம் துரை, அதாவது தோட்ட மேனேஜர், தன் காரிலேயே கீழே போய் பாங்கிலிருந்து தொழிலாளர் சம்பளத்தை எடுத்து வருவார். ஒருநாள் ஒரு வளைவில் அவர் கார் மேல் குண்டு விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றோடு அவர், இனி பணம் சாலையில் வராது என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஈப்போவில் இருந்த ஒரு சின்ன விமானக் கம்பெனிக்கு யோகம் அடித்தது. ஒற்றை எஞ்சின் விமானங்கள் சிலதை வைத்துக்கொண்டு, யார் ஏறுவார்கள் என்று காத்துக் கிடந்த கம்பெனி அது. சாலையில் போகப் பயந்த துரைமார்களையும் அதிகாரிகளையும் ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கியது. மலைத் தோட்டங்களுக்குச் சம்பளப் பையை மேலிருந்து போட்டது. எங்கள் லயத்து ஜனங்கள் அதற்குச் சம்பளக் கப்பல் என்று பெயர் வைத்தார்கள். அதை ஓட்டியவர்களில் ஒருவர்தான் பின்னால் என்னைக் கட்டிக்கொண்டவர்.

பை போடுவதற்கு ஒரு முறை இருந்தது. சம்பள நாளன்று கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, பள்ளி மைதானத்தின் நடுவே இரண்டு வெள்ளைத் துணிகளைச் சிலுவை மாதிரி விரித்துக் கல் வைப்பார். விமானம் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டாவது சுற்றில் தாழ்ந்து வரும். பின்னால் இருப்பவர் பையை உதைத்துத் தள்ளுவார். அது துணிக்குப் பக்கத்தில் பொத்தென்று விழும். இதனால் சம்பள நாளில் தோட்டத்தில் வேறு எங்கேயும் வெள்ளைத் துணி தெரியக் கூடாது என்று சட்டம். எங்கள் மலையில் துணி காய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. கொஞ்சம் வெயில் வந்தால் போதும், வேட்டி, பாவாடை, பிள்ளைத் துணி என்று எல்லாவற்றையும் தேயிலைச் செடி மேல் விரித்துப்போடுவார்கள். சம்பள நாளில் மட்டும் கங்காணி கம்பை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போவார்.

"வெள்ளை எல்லாத்தையும் எடு! கப்ப வருதுலா, எடு எடு!"

"எங்க மாமியா தல வெள்ளையா இருக்கு, அதையும் எடுத்து உள்ள வைக்கவா?" என்பாள் பக்கத்து லயத்துக் கொழுந்துக்காரி ஒருத்தி. அவள் வாய்க்கு வேலி கிடையாது. அந்த நாட்களில் எனக்கென்று சிரிப்பு வந்ததெல்லாம் பெரும்பாலும் அவள் வாயிலிருந்து வந்ததுதான்.

என் கணவராக வந்தவர் தைப்பிங்கில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரின் மகன். ஜப்பான்காரன் போன பிறகு ஈப்போவில் ஒரு பறக்கும் கழகத்தில் எஞ்சின் துடைக்கப் போய், துடைத்துத் துடைத்தே ஓட்டவும் கற்றுக்கொண்டவர். தரகர் ஜாதகத்தைக் கொண்டுவந்தபோது அப்பாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது, வேலையைத்தான் பிடிக்கவில்லை. பெண் பார்க்க வந்த இடத்திலேயே கேட்டுவிட்டார்.

"இது நிரந்தர உத்தியோகமா தம்பி? பென்ஷன் கிடைக்குமா?"

"இப்ப தற்காலிகந்தாங்க. அடுத்த வருஷம் நிரந்தரம் பண்றேன்னு சொல்லியிருக்காங்க."

"சண்டை முடிஞ்சி ரோடு தொறந்துட்டா? அப்புறம் யாரு கப்பல்ல ஏறுவா?"

அவர் சிரித்தார். "அதுக்குள்ள பெரிய கம்பெனிக்குப் போயிடுவேங்க. ரெட்டை எஞ்சின் கப்பல். சிங்கப்பூர், பினாங்குன்னு போகும். பெரிய கம்பெனிக்குப் போயிட்டா சாவுற வரைக்கும் கவலை இல்ல."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கணக்கெல்லாம் விளங்கவில்லை. அவர் சிரித்தது மட்டும் பிடித்திருந்தது. அப்பா இரண்டு நாள் யோசித்தார். தோட்டத்துக் கிராணிக்குக் கொடுத்தால் முள்வேலிக்குள்ளேயே இருப்பாள், இவருக்குக் கொடுத்தால் டவுனுக்குப் போவாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சம்மதித்தார்.

நான் டவுனுக்குப் போகவில்லை. கம்பெனியில் நிரந்தரமான ஆட்களுக்குத்தான் குடும்பத்தோடு இருக்க வீடு. தற்காலிகக்காரர்கள் விமானத் திடலுக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் கட்டில் போட்டுப் படுத்தார்கள். எனக்கோ பள்ளி. வேலையை விட்டுவிட்டுப் போய், அவர் வேலையும் நிற்கவில்லை என்றால் சோற்றுக்கு என்ன செய்வது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அவர் நிரந்தரமாகட்டும், அப்புறம் போகலாம். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று கொழுந்துக்காரி என் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. அது பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது.

அடுத்த வருடம் வந்தது. அதற்கும் அடுத்த வருடம் வந்தது. நிரந்தரம் மட்டும் வரவில்லை. பள்ளி விடுமுறையில், கான்வாயில் இடம் கிடைத்தால், அவர் மேலே வருவார். இல்லையென்றால் நான் கீழே இறங்குவேன். சந்திக்கும்போதெல்லாம் அவர் மணிக்கணக்கு பேசுவார். இத்தனை மணி நேரம் பறந்தாயிற்று, இன்னும் இத்தனை வேண்டும். ரெட்டை எஞ்சின் உரிமத்துக்குப் படிக்க வேண்டும். அதற்கு விமானத்தைக் கொடுக்க யாராவது மனம் வைக்க வேண்டும். வெள்ளைக்கார விமானிகள் ராணுவத்தில் ரெட்டை எஞ்சின் ஓட்டிவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று சொல்லிச் சிரிப்பார். மனிதர்களுக்கு வயது வருடத்தில் ஏறும், அவருக்கு மணியில் ஏறியது. எத்தனை வருடம் என்னைப் பிரிந்திருந்தார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

தனிமை என்றால் என்ன என்று, பள்ளியை ஒட்டி எனக்குக் கொடுத்திருந்த ஆசிரியர் வீட்டில்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் போன பிறகு பள்ளிக்கூடம் சட்டென்று அடங்கிவிடும். அப்பா ஆஸ்பத்திரியை ஒட்டிய வீட்டில் இருந்தார். ஊரடங்கு வந்துவிட்டால் அவர் என்னிடம் வர முடியாது, நான் அவரிடம் போக முடியாது. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் எப்போதும் யாராவது சண்டை போட்டுக்கொண்டாவது இருப்பார்கள். என் வீட்டுக்கு அந்தச் சுவரும் இல்லை. ஆசிரியர் என்ற மரியாதைக்காகத் தனியே கட்டிக் கொடுத்த வீடு. மரியாதையைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். பனி வந்து ஜன்னலை மூடும். கல்யாணமான பெண் என்று எல்லாரும் சொன்னார்கள், ஆனால் என் வீட்டில் ஒரு ஆண் செருப்புகூட இல்லை.

சம்பள நாள் மட்டும் வேறு மாதிரி. அன்று நான் என் கூறைப்புடவையை, அரக்குச் சிவப்பு, மைதானத்தை ஒட்டிய செடிகள் மேல் விரித்துப்போடுவேன். வெள்ளைக்குத்தானே தடை. அவர் முதல் சுற்றில் அதைப் பார்த்ததும் இறக்கையை ஒருமுறை சாய்ப்பார். நான் நன்றாக இருக்கிறேன், நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்பது, அவ்வளவுதான். சில நாள் பை விழுந்த பிறகு இன்னொரு சின்னப் பொட்டலமும் விழும். கல்லோடு சேர்த்துக் கட்டிய மல்லிகைச் சரம், வாழையிலையில் சுற்றி. கம்பெனிக்குத் தெரிந்தால் திட்டுவார்கள். அது பாதி நாள் தேயிலைக்குள் விழுந்து காணாமல் போகும். கிடைத்தால் கொழுந்துக்காரி எடுத்துவந்து என் தலையில் வைப்பாள்.

"எல்லாப் புருசனும் பாசார்லருந்து பூ வாங்கிட்டு வருவான். டீச்சரம்மாவுக்கு மானத்துலருந்து வருது! கொடுத்து வச்சவங்கலா!"

அவள் போன பிறகு பூ வாடும்வரை அழுதிருக்கிறேன். இதை மறைக்க என்ன இருக்கிறது.

எனக்கு வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். தோட்டத்து மாரியம்மனிடம் ஒவ்வொரு வெள்ளியும் சொல்வேன். ஆத்தா, இந்த ரோட்டைத் திற. ரோடு திறந்தால் காலையில் பஸ் ஏறி மத்தியானம் ஈப்போவில் இருப்பேன். திறக்க வைத்தால் உனக்குப் பட்டு சாத்துகிறேன். ஒரு விடுமுறையில் இதை அவரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது.

"அப்படி வேண்டிக்காதம்மா. ரோடு தொறந்தா கம்பெனி மூடிருவான். நான் பெரிய கம்பெனிக்குப் போற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோ."

"அப்ப காட்டுல இருக்கிறவங்க நல்லா இருக்கணும்னு வேண்டிக்கவா?" என்று கேட்டேன்.

என் புருஷன் பிழைக்க வேண்டுமானால் ஊர் பயந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போய் என்ன கேட்பது என்று தெரியாமல் கை கூப்பிவிட்டுச் சும்மா நின்றிருக்கிறேன்.

அந்தத் திருவிழாவைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் அம்மன் ஊர்வலம் எப்போதும் இரவில்தான். தீவட்டி வெளிச்சத்தில், அம்மன் வரும் வழியில் வெள்ளை வேட்டிகளை வரிசையாகத் தரையில் விரிப்பார்கள். நடைபாவாடை என்போம். தூக்குபவர்கள் கால் மண்ணில் படாமல் அதன் மேல் நடப்பார்கள். பின்னால் மிச்சமாகும் வேட்டியை எடுத்துக்கொண்டு ஓடிப் போய் முன்னால் விரிப்பார்கள். ஊரடங்கு வந்த பிறகு இரவில் ஊர்வலம் போக முடியுமா? அதனால் பட்டப்பகலில் வைத்தார்கள். வெள்ளை வேட்டிகளைப் பகலில் விரித்தது எங்கள் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை. அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் சம்பள நாள் முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும். முந்தின நாள் பனி விலகவே இல்லை. விமானம் வரவில்லை. ஆத்தா திருநாளில் யார் சம்பளம் போடுவார்கள், நாளைக்கு மறுநாள்தான் வரும் என்று கங்காணி எல்லாரிடமும் சொல்லிவிட்டார். திருநாள் எங்களுக்குத்தான், கம்பெனிக்கு இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

கிராணி மட்டும் சந்தேகப்பட்டு மைதானத்தில் துணி விரித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் மைதானம் பள்ளத்தில் இருந்தது. அன்றும் அங்கே பனி தேங்கிக் கிடந்தது. கோயில் சரிவு மட்டும் பளிச்சென்று வெயிலில் இருந்தது.

நான் பள்ளிப் பிள்ளைகளோடு ஊர்வலத்தின் முன்வரிசையில் நின்றேன். திருநாள் என்பதால் கூறைப்புடவை கட்டியிருந்தேன். மேளச் சத்தத்தில் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. தலைக்கு மேலே நிழல் போனபோதுதான் அண்ணாந்து பார்த்தேன். அது திரும்பித் தாழ்ந்து வந்தது. எனக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துவிட்டது. கையை ஆட்டினேன். கத்தினேன். எல்லாரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

பை நேராக வந்து உருமி மேளத்தின் மேல் விழுந்தது. உருமி கிழிந்தது. அடித்தவர் அதற்கு முந்தின நொடிதான் அதை இறக்கி வைத்துவிட்டு வேட்டியைச் சரிசெய்ய நகர்ந்ததால் பிழைத்தார். குண்டு குண்டு என்று கத்திக்கொண்டு பாதிப் பேர் தேயிலைக்குள் பாய்ந்தார்கள். அம்மனைத் தூக்கியவர்கள் மட்டும் ஓடவில்லை. அவர்களுக்கு ஓட வழியும் இல்லை. கொழுந்துக்காரிக்கு அருள் வந்துவிட்டது.

"கூலி கொடுத்துட்டேன்டா! எங் கையால கொடுத்துட்டேன்டா!" என்று ஆடினாள்.

கிராணி மூச்சிரைக்க ஓடிவந்து பையைத் தொடப் போனார். பூசாரி தடுத்துவிட்டார். ஆத்தா காலடியில் விழுந்த பொருள், சூடம் காட்டாமல் யாரும் தொடக் கூடாது. பின்னாலேயே துரையும் வந்தார், துப்பாக்கிக் காவலோடு. சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, பைக்கும் அம்மனுக்கும் சேர்த்துத் தீபாராதனை முடியும்வரை துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகம் என் புடவை நிறத்தில் இருந்தது. பையில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் அவர் நேரே பங்களாவுக்குப் போய்க் கம்பெனிக்கு டெலிபோன் செய்தார்.

அன்று விமானத்தை ஓட்டியது அவர்தான். அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. விசாரித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் விமானிகள் குடிக்கும் இடங்களில் எல்லாம் கதை போய்விட்டது, சாமி மேல் சம்பளம் போட்டவன் என்று. அடுத்த முறை வந்தபோது அவர் சொன்னார்:

"வெள்ளைக்காரன் போட்டிருந்தா பாவம், அவனுக்கு என்னா தெரியும்னு விட்டுருப்பான். நான் போட்டதுனால, உன் ஜனங்க வழக்கம் உனக்கே தெரியலயாங்கிறான்."

அதில் நியாயம் இல்லை என்று நான் சொன்னேன். நியாயம் இல்லைதான் என்றார்.

அதற்குப் பிறகு ஒருநாள் எங்கள் பகுதியை வெள்ளைப் பகுதி என்று அறிவித்தார்கள். காட்டில் ஆள் இல்லை, இனி ஊரடங்கு இல்லை, கான்வாய் இல்லை, டின்னில் ஓட்டை இல்லை. லயத்தில் வெடி வெடித்தார்கள். அன்றைக்குப் பூராவும் பெண்கள் வேண்டுமென்றே வெள்ளைத் துணியாகப் பார்த்துத் தேயிலை மேல் விரித்தார்கள். அப்பா எனக்கு மைசூர்பாகு வாங்கிவந்தார். நான் வாயில் போட்டுக்கொண்டேன். இனிப்பு தெரிந்தது. அழுகையும் வந்தது. துரை மறுபடி காரை எடுத்துக்கொண்டு கீழே போய்ச் சம்பளம் எடுத்துவந்தார்.

சின்னக் கம்பெனி மெல்ல மெல்ல மூடவில்லை, ஒரேயடியாக மூடியது. கடைசி விமானங்களைப் பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது. விமானங்களோடு சில விமானிகளையும் எடுத்துக்கொண்டது. இவரை எடுக்கவில்லை. ரெட்டை எஞ்சின் உரிமம் இல்லை, அதோடு அந்தப் பழைய கதையும் இருந்தது. ஆத்தா நான் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். பட்டு சாத்தினேன். வாக்கு வாக்குதான்.

திறந்த சாலையில் நான் கீழே போகவில்லை. அவர்தான் மேலே வந்தார், தகரப் பெட்டியோடு, பஸ்ஸில். துரை பழைய கோபத்தையெல்லாம் மறந்து, தோட்டத்து லோரிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார். நிரந்தர உத்தியோகம். பென்ஷன்கூட உண்டு. அப்பாவுக்கு அன்று வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும். என் வீட்டில் ஆண் செருப்பு வந்தது. சாயங்காலம் இரண்டு தட்டு வைத்தேன். இத்தனை வருடம் இதற்குத்தானே ஏங்கினேன் என்று அந்தத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. லோரிகளை எஞ்சின் துடைத்த கையால் துடைத்துப் பளபளவென்று வைத்தார். ரிங்லெட்டில் மலையாளத்துக் காக்கா நடத்திய கடையிலிருந்து எனக்கு ரொட்டி வாங்கிவருவார். குடிக்கவில்லை, குரல் உயர்த்தவில்லை. ஆனால் மலை மேல் எங்காவது விமானச் சத்தம் கேட்டால் பேச்சு பாதியில் நின்றுவிடும். வாசலுக்குப் போய் நிற்பார். சத்தம் ஓய்ந்த பிறகும் நிற்பார். மேலே இருந்தபோது என்னைத் தேடிப் பார்த்தவர், பக்கத்தில் இருந்தபோது மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தனி வீட்டில் தனியாக இருந்ததைவிட அது கஷ்டமாக இருந்தது. முன்பு ஒரு ஆளுக்காகக் காத்திருந்தேன், இப்போது யாருக்காகக் காத்திருப்பது?

ஒருநாள் துணி மடிக்கும்போது என் கூறைப்புடவையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அவராகவே சொன்னார்.

"அன்னிக்கு மைதானம் தெரியல. பனி. திரும்பிப் போயிரலாம்னுதான் நெனச்சேன். அப்பத்தான் இந்தச் சேலை தெரிஞ்சுது, வெள்ளைக்குப் பக்கத்துல. சேலை இருந்தா மைதானம்தான்னு போட்டுட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப என் சேலை மேல பழியா?"

"பழி இல்லம்மா. விசாரணையில கேட்டாங்க, எதை வச்சிப் போட்டேன்னு. சொல்லல." சிரித்தார். பெண் பார்க்க வந்த அன்று சிரித்த அதே சிரிப்பு. "பொண்டாட்டி சேலையைப் பாத்துப் போட்டேன்னா அத விட மோசம்லா."

நானும் சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரித்து முடித்ததும் அவர் புடவையை மடித்து வைத்துவிட்டு லோரி ஷெட்டுக்குப் போனார்.

பழைய கம்பெனி ஆள் ஒருவர் போர்னியோவில் இருக்கிறார், அங்கே ஒரு சின்னக் கம்பெனி, இவரைக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். காக்கா கடையில் எல்லாருக்கும் தெரியும். இவர் மட்டும் என்னிடம் சொல்லவில்லை. நல்ல மனிதர். சொல்லாமலே இருந்துவிடுவார், வாசலில் நின்றுகொண்டே கிழவராகிவிடுவார். சாப்பிடும்போது நான்தான் ஆரம்பித்தேன்.

"போர்னியோவுல இன்னும் ரோடு போடலியாமே?"

அவர் கை சோற்றில் நின்றது. "போடல. காடும் ஆறுந்தான். ரோடு வர ரொம்ப வருஷம் ஆகும்."

"அப்ப போங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விமானத்திலிருந்து புடவையைத் தேடியபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் எத்தனையோ நாள் கற்பனை செய்திருக்கிறேன். அது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கண் நிறைய வெளிச்சம். நான் மோரை ஊற்றினேன். அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். 'நீயும் வர்றியா?' ஆமாம் என்று சொல்லத் தயாராக இருந்தேன். பள்ளி, பென்ஷன், அப்பா எல்லாவற்றையும் அந்த ஒரு நொடிக்குள் யோசித்து முடித்துவிட்டேன்.

"அந்தத் தகரப் பெட்டி எங்கம்மா வச்சிருக்க?" என்று கேட்டார்.

"கட்டிலுக்கடியில" என்றேன். அவர் கை கழுவப் போனார். நான் குனிந்து, பெட்டியை வெளியே இழுத்து, தூசி தட்டிக் கொடுத்தேன்.